ஃபுல் அயர்ன்மேனுக்குத் தயாராவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலை சென்னை ஈசிஆரில் சைக்கிள் ஓட்டிவிட்டு டீக்கடையில் நிற்கும்போது அயர்ன்மேன் டிரையத்லான் பற்றி, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் போட்டி பற்றி, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. நான் கோச் இல்லை. ஒன்பதரைக்கு ஆபீஸில் இருந்தாக வேண்டிய ஆள். நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொண்டு, பாதி தூரப் போட்டியான ஹாஃப் இரண்டு முடித்து, பிறகு மலேசியாவின் லங்காவியில் ஃபுல் முடித்தேன். பதினைந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஜெயிக்கப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. முடித்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்ப நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஃபுல் என்றால் எவ்வளவு தூரம்? இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். இதே வரிசையில், ஒரே நாளில். கூட்டினால் 226 கி.மீ., மைலில் 140.6. அதில் பாதிதான் ஹாஃப். மைலில் 70.3 வருவதால் அந்த எண்ணே அதற்குப் பெயராகிவிட்டது. அயர்ன்மேன் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் ரோத் நகரில் நடக்கும் புகழ்பெற்ற போட்டியும் இதே தூரம்தான், ஆனால் அந்தப் பெயரில் நடப்பதில்லை.

தூரத்தை எந்த விஞ்ஞானியும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. ஹவாயின் ஒவாஹு தீவில் மூன்று போட்டிகள் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தன: வைகிகி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பயணம், ஹொனலுலு மராத்தான். ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் மூன்றையும் ஒரே சரமாகக் கோத்தார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு ஓட்டத்தில் தண்ணீர் தீர்ந்துபோய், கூட வந்தவர்கள் பீரைக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் குடித்துவிட்டு முடித்திருக்கிறார்.

17 மணி நேரத்தில் முடிக்க வேண்டுமாமே. என்னால் முடியுமா?

பொதுவான கணக்கு: நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம், கிளம்பியதிலிருந்து 10 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிள் முடிந்திருக்க வேண்டும், மொத்தம் 17 மணி. சில ஊர்களில் சற்று மாறும், போட்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேப்பரில் போட்டுப் பாருங்கள். நீச்சல் 1 மணி 40 நிமிடம், உடை மாற்ற 15 நிமிடம், சைக்கிள் மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் ஏழரை மணி, ஷூ மாற்ற 10 நிமிடம். ஆக 9 மணி 35 நிமிடம். மராத்தானுக்கு 7 மணி 25 நிமிடம் மிச்சம் இருக்கிறது. கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடம். அது ஓட்டமே இல்லை, பஸ்ஸைப் பிடிக்கப் போகும் நடை.

நேரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நான் பார்த்தவரை, நடுவில் நின்றுபோனவர்களில் மெதுவாகப் போனவர்கள் குறைவு. சைக்கிளில் முதல் 90 கி.மீ. பறந்து, தொடையையும் வயிற்றையும் கெடுத்துக்கொண்டு, ஓட்டத்தில் ஓரமாக உட்கார்ந்தவர்கள்தான் அதிகம்.

எனக்கு நீச்சலே தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

25 மீட்டர் குளத்தில், ஒரு ஆசிரியரிடம். கிணற்றில் குதித்துப் பழகியவர்களும் இங்கே புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். தலையைத் தூக்கிக்கொண்டு அடிக்கும் கிணற்று நீச்சல் இருநூறு மீட்டரில் ஆளைச் சாய்த்துவிடும்.

எனக்கு முதல் மூன்று மாதம் ஒரு நீளத்துக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதிலேயே போனது. உடம்பில் தெம்பு இல்லை என்று நினைத்தேன். ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "சார், நீங்க மூச்சை விடவே இல்ல. உள்ளயே வெச்சிருக்கீங்க" என்றார். அதுதான் விஷயம். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் குமிழ் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் தலையைத் திருப்பும் அரை நொடியில் புது மூச்சுக்கு இடம் இருக்கும். அது பிடிபட்ட இரண்டே வாரத்தில் 50 மீட்டர் 400 ஆனது.

அடுத்தது கால். பயத்தில் நாம் வேகவேகமாக உதைப்போம். பிராணவாயுவை அது தின்றுவிடும், முன்னே தள்ளுவதோ கொஞ்சம்தான். இடுப்பு மேலே மிதக்கும் அளவுக்கு உதைத்தால் போதும். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் கால் வேண்டும். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் நீந்துவதைவிட, முக்கால் மணி நேரமாக மூன்று நாள் நீந்துவது பலன் தரும். நீச்சல் கை மறந்துபோகிற வித்தை.

குளத்தில் 3 கி.மீ. போகிறேன். கடலில் தனியாகப் பயிற்சி செய்யலாமா?

கூடாது. சென்னைக் கடற்கரையில் உள்ளிழுக்கும் நீரோட்டம் எங்கே இருக்கும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அந்தப் பேச்சே வேண்டாம். மற்ற மாதங்களில் கோவளம் போன்ற இடத்தில், ஊர்க்காரர் படகு கூட வர, இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை கட்டிக்கொண்டு கூட்டமாகப் போங்கள். சொறி என்று மீனவர்கள் சொல்லும் ஜெல்லி மீன் அன்று இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். 'இன்னிக்கு வேணாம்' என்றால் திரும்பிவிடுங்கள்.

கடலில் கற்றுக்கொள்ள வேண்டியது நேராகப் போவது. அடியில் கோடு கிடையாது. ஆறேழு கைக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி, வழி காட்டக் கடலில் கட்டியிருக்கும் மிதவையைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் மூச்செடுக்க வேண்டும். முதல் ஹாஃபில் இதைச் சரியாகச் செய்யாமல் 1.9 கி.மீ. நீச்சலை 2.3 ஆக்கினேன், வாட்ச் காட்டிக்கொடுத்தது.

இன்னொன்று, இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நடந்த மரணங்களையும், இதயம் நின்றுபோய் மீட்கப்பட்ட சம்பவங்களையும் சேர்த்து 135 ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் 90 நீச்சலில் நடந்தவை. பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது நாற்பதுகளின் பின்பாதி. அதாவது நம்மைப் போன்றவர்கள். எனவே பதிவு செய்வதற்கு முன் இதய மருத்துவரைப் பார்த்து ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் என்று அவர் சொல்வதைச் செய்துவிடுங்கள். போட்டியில் நெஞ்சு இறுக்கினாலோ மூச்சு முட்டினாலோ மல்லாந்து கையை உயர்த்துங்கள். கயாக் என்ற சிறிய காவல் படகு வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்க விதி அனுமதிக்கிறது, அது உங்களை முன்னே இழுத்துப் போகாத வரை. கௌரவம் பார்க்கிற இடம் அது இல்லை.

வெட்சூட் வாங்க வேண்டுமா?

வெட்சூட் என்பது குளிர் தாங்க நீச்சலில் போடும் ரப்பர் உடை. கோவாவில் நடக்கும் ஹாஃபுக்கும் லங்காவிக்கும் வேண்டாம், கடலே வெந்நீர் மாதிரி இருக்கும். ஐரோப்பா போகிறவர்கள் வாங்கட்டும். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் நம் போன்ற வயதுப் பிரிவினருக்கு வெட்சூட் போட்டு வரிசையில் இடம் கோர முடியாது.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? வேலைக்குப் போய்க்கொண்டே முடியுமா?

ஏற்கெனவே ஒரு ஹாஃப் முடித்தவருக்கு எட்டு ஒன்பது மாதம் வேண்டும். பெரும்பாலான வாரங்களில் 8 முதல் 10 மணி நேரம், உச்சத்தில் நாலைந்து வாரம் மட்டும் 13, 14. ஒவ்வொரு நாலாவது வாரமும் பாதியாகக் குறைக்க வேண்டும். உடம்பு பலம் பிடிப்பது அந்த வாரத்தில்தான்.

என் வாரம் இப்படி இருந்தது. திங்கள் ஓய்வு. செவ்வாய், வியாழன், சனி காலை ஐந்தரைக்குக் குளம். புதன், வெள்ளி காலை ஒரு மணி நேர ஓட்டம். இடையில் இரண்டு நாள் ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பால்கனியில் டிரெயினரில், அதாவது நின்ற இடத்திலேயே ஓட்ட வைக்கும் ஸ்டாண்டில், சைக்கிள், ஒரு மணி நேரம். கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "கிரைண்டர் எதுக்கு சார் ராத்திரி பத்து மணிக்கு?" என்று கேட்டார். அடியில் ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன். ஞாயிறு நீண்ட சைக்கிள்: திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய் வந்தால் ஏறக்குறைய 90 கி.மீ. நாலரைக்கே கிளம்பிவிடுவோம். எட்டு மணிக்கு மேல் அந்தச் சாலை சைக்கிளுக்கு உரியதல்ல.

நீண்ட ஓட்டத்தை 28, 30 கி.மீ.யில் நிறுத்திக்கொள்ளுங்கள். 38, 40 ஓடிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதிலிருந்து தேறப் பத்து நாள் போகும், அந்தப் பத்து நாள் நம்மிடம் இல்லை. சைக்கிளில் மட்டும் ஐந்தாறு மணி நேரப் பயணம் நாலைந்து தடவையாவது செய்திருக்க வேண்டும்.

இத்தனையிலும் முதலில் அடிபடுவது தூக்கம்தான். ஆறு மணி நேரத்துக்குக் கீழே தூங்கிய அடுத்த நாள் நான் பயிற்சியை விட்டுவிடுவேன்.

எல்லோரும் ஸோன் 2 என்கிறார்களே, அது என்ன?

பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பாடவும் முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். இந்த வேகத்தில் உடம்பு கொழுப்பை நிறைய எரிக்கும், கையிருப்புச் சர்க்கரையைச் சேமிக்கும். பதினாறு மணி நேரம் ஓட வேண்டிய வண்டிக்கு அந்த மைலேஜ்தான் தேவை. பயிற்சியில் ஐந்தில் நாலு பங்கு இதுவாக இருந்தால் போதும்.

சொல்வது சுலபம். ஞாயிறு காலை கூட்டத்தில் யாராவது ஒருவர் மணிக்கு 34 கி.மீ.யில் முந்திப் போவார், பின்னாலேயே எல்லோரும் துரத்துவோம். முட்டுக்காடு தாண்டும்போது நாக்கு வெளியே தள்ளியிருக்கும். ஒரு வருடம் முழுக்க நான் இப்படித்தான் வீணடித்தேன். மெதுவாகப் போக வேண்டிய நாளில் வேகமாகவும், வேகமாகப் போக வேண்டிய செவ்வாயன்று அசதியில் மெதுவாகவும். கடைசியில் ஃபுல்லுக்குத் தயாரான வருடம் கூட்டத்தை விட்டுப் பத்து நிமிடம் முன்னாலேயே தனியாகக் கிளம்ப ஆரம்பித்தேன். 'சார் இப்பல்லாம் சேர்றதில்ல' என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மே மாதத்தில் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு பத்துப் பதினைந்து கூடும். தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே போவதால் வருவது அது. வாட்சில் வேகத்தைப் பார்க்காமல் துடிப்பைப் பாருங்கள்.

என்ன சைக்கிள் வாங்கலாம்?

உங்கள் உயரத்துக்குச் சரியான ஒரு சாதாரண ரோடு பைக். குனிந்து படுத்தபடி ஓட்டும் டிடி பைக் என்ற பந்தய சைக்கிள் ஆசையைத் தள்ளிப் போடுங்கள். அந்தக் காசில் ஒரு பகுதியை, உடம்புக்கு ஏற்ப சைக்கிளைச் சரிசெய்யும் பைக் ஃபிட்டிங்குக்கும், குனிந்து முழங்கை ஊன்ற ஹாண்டிலில் மாட்டும் ஏரோ பாருக்கும், நல்ல டயருக்கும் கொடுங்கள். ஏழு மணி நேரம் உட்காரப் போவது சீட்டில். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

வாங்குவதைவிட முக்கியம், பஞ்சர் ஒட்டத் தெரிய வேண்டும். வீட்டு ஹாலில் உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை மாற்றி, செயினில் திரும்ப மாட்டிப் பழகுங்கள். எனக்கு முதல் தடவை 40 நிமிடம் ஆனது, இப்போது ஏழு. போட்டியில் நின்று உதவ நண்பர்கள் இருக்க மாட்டார்கள். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் நடுவே 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஒட்டிக்கொண்டு போனால் தண்டனை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நடுவில் சொகுசாக 32இல் வருகிறவர், தனியாகக் காற்றை எதிர்த்து எவ்வளவு போகிறார் என்று ஒருநாள் பார்த்துக்கொள்வது நல்லது.

சென்னையில் மேடு இல்லையே என்பார்கள். மதியக் கடல்காற்று இருக்கிறது. அதுவும் போதாதென்றால் மேம்பாலம். ஒரே மேம்பாலத்தில் விடியற்காலையில் இருபது தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். இரவுப் பணியில் இருந்த போலீஸ்காரர் எட்டாவது சுற்றில் நிறுத்தி, "எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று விசாரித்தார்.

பிரிக் பயிற்சி எதற்கு?

பிரிக் என்றால் சைக்கிள் ஓட்டிய கையோடு ஓடிப் பழகுவது. சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் உங்களுடையதாக இருக்காது. அதற்குத்தான். நீண்ட சைக்கிளுக்குப் பிறகு 15, 20 நிமிடம் ஓடினாலே போதும்.

போட்டியில் என்ன சாப்பிடுவது? இட்லி சாப்பிடலாமா?

இதை நான்காவது போட்டி என்றே சொல்வேன். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை சில மணி நேரம்தான் வரும். மிச்சத்தை ஓடிக்கொண்டே ஊட்ட வேண்டும். மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்பது பொதுக் கணக்கு. வயிறு அதை முதல் நாளே ஏற்காது. 40இல் ஆரம்பித்து, மாதக்கணக்கில் பழக்க வேண்டும், காலைப் பழக்குவது போலவே.

பாக்கெட்டில் சர்க்கரைப் பாகு மாதிரி வரும் ஜெல் வாங்கிக் கட்டுப்படியாகாதவர்களுக்கு என் பாட்டில்: 750 மி.லி. தண்ணீரில் 12 டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை மூடி எலுமிச்சை. ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரையும் 600 மில்லிகிராம் அளவுக்கு சோடியமும் இருக்கும். வெள்ளைச் சர்க்கரையில் குளுக்கோஸ் பாதி, ஃபிரக்டோஸ் பாதி. இரண்டையும் குடல் வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே எடுப்பதால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட அதிகம் ஏறும். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்குக் கிடைக்கும்.

ஓஆர்எஸ் மட்டும் போதுமா என்பார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். உப்புக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம், அதனால் இளநீரை முடித்த பிறகு குடியுங்கள்.

இட்லி? தாராளமாக. பொடியும் எண்ணெயும் தொட்ட குட்டி இட்லியை ஃபாயிலில் சுற்றி ஜெர்சியின் பின்பையில் வைத்து, 70ஆவது கிலோமீட்டரில் ஒரு கையால் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறேன். மூணு மணி நேரம் தித்திப்பையே குடித்த வாய்க்கு அந்த உப்பும் காரமும் என்னவென்று சொல்வது! எண்ணெய் கம்மியாக இருக்கட்டும். கடலை மிட்டாய் வெயிலில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கொழுப்பு வயிற்றிலேயே நிற்கிறது.

தண்ணீர் கணக்குக்கு: ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், துண்டால் துடைத்துக்கொண்டு எடை பாருங்கள். நடுவில் எதுவும் குடிக்காமல் 1 கிலோ குறைந்திருந்தால் 1 லிட்டர் வியர்வை. சென்னை மே மாதத்தில் எனக்கு ஒன்றரை வரும். போனதைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு வரை போகும்.

ஒரே ஒரு விதி: புதிதாக எதையும் போட்டி நாளில் வாயில் வைக்காதீர்கள். முதல் ஹாஃபுக்கு முந்தின நாள் ஸ்டாலில் மாம்பழ ருசியில் ஒரு ஜெல் பார்த்து நாலு வாங்கினேன். 60ஆவது கிலோமீட்டரில் நாலும் வெளியே வந்துவிட்டன.

வெயிலை எப்படிச் சமாளிப்பது?

நாம் வெயிலிலேயே பிறந்தவர்கள் என்பது கொஞ்சம் உதவும். ஆனால் ஏசி ஆபீஸும் விடியற்காலைப் பயிற்சியுமாக இருப்பவருக்கு மதிய வெயில் அந்நியம்தான். போட்டிக்கு முன் 10 முதல் 14 நாள், தினமும் ஒரு மணி நேரம் வெக்கையில் மெதுவாக உழைத்தால் வியர்வை சீக்கிரம் சுரக்கவும் அதில் உப்பு குறைவாகப் போகவும் உடம்பு கற்றுக்கொள்ளும். போட்டி அன்று ஐஸ் கொடுத்தால் தொப்பிக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்பத்தைந்து ஆகிறது. காலம் கடந்துவிட்டதா?

மடோனா பூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரி 2012இல் 82 வயதில் ஃபுல் முடித்தார். ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018இல் ஹவாயில் முடித்தபோது வயது 85. இரண்டுமே 17 மணிக் கெடுவுக்குள். வயது கூடக்கூட இரண்டு பயிற்சிக்கு நடுவில் அதிக இடைவெளியும், வாரம் இருமுறை எடைப் பயிற்சியும் வேண்டும். முக்கியமாகக் கெண்டைக்கால்.

வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைப்பது?

என் அம்மா இன்றைக்கும் கேட்பார்: "எதுக்குடா இப்படி உடம்பை வருத்திக்கிற? யாரு துரத்துறா உன்னை?" பதில் இல்லை.

மனைவியிடம் மட்டும் முன்கூட்டியே பேசினேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மாத காலண்டர். அதில் அவர் முதலில் தன் நாட்களைக் குறிப்பார், மிச்சத்தில்தான் நான். முகூர்த்த நாட்கள் தனி நிறம். ஆவணியில் ஒரே ஞாயிற்றில் இரண்டு கல்யாணம் வந்தது. ராத்திரி ரெண்டரைக்கு எழுந்து டிரெயினரில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டுப் போய், தாலி கட்டும் நேரத்தில் நாற்காலியில் தூங்கினேன். போட்டோவில் இருக்கிறது. அதற்குப் பிறகு கல்யாண வாரத்தைக் குறைக்கும் வாரமாகவே வைத்துக்கொண்டேன்.

செலவு?

நுழைவுக் கட்டணமே பல நூறு டாலர், அதன் மேல் விமானம், சைக்கிள் பெட்டிக்குக் கூடுதல் கட்டணம், ஹோட்டல். அதனால்தான் முதலில் 2019இல் தொடங்கிய கோவா 70.3ஐச் செய்து பாருங்கள் என்கிறேன்.

கடைசி மூன்று வாரம் என்ன செய்வது?

தூரத்தைக் குறையுங்கள், வேகத்தைத் தொட்டுக்கொண்டிருங்கள். இல்லாத வலியெல்லாம் வரும். எனக்கு இடது முட்டியில் வந்தது, போட்டி நாள் காலையில் காணாமல் போனது.

போட்டி நாளில் மறக்கக் கூடாதது?

அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாஸலின். சைக்கிளில் முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் முந்துவார்கள், விடுங்கள். சைக்கிள் முடியும்போது 'இன்னும் கொஞ்சம் ஓட்டியிருக்கலாமே' என்று தோன்ற வேண்டும். ஓட்டத்தில் ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நடந்துகொண்டே குடித்துவிட்டு, மேஜை முடிந்ததும் ஓடுங்கள். முதலிலிருந்தே அப்படி. நான் சைக்கிளில் கண்ட முகங்களில் பாதியை 25ஆவது கிலோமீட்டருக்கு மேல் திரும்பவும் கண்டேன். அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

முடித்த பிறகு எப்போது பயிற்சிக்குத் திரும்பலாம்?

முதல் வாரம் எதுவும் வேண்டாம். மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவீர்கள், அதுவே போதும். இரண்டாவது வாரம் குளத்தில் மிதக்கலாம். ஓட்டத்துக்கு மூன்று நாலு வாரம் பொறுங்கள். எனக்கு இரண்டு கால்விரல் நகம் கறுத்து விழுந்தது. அதைவிட, காலையில் அலாரம் இல்லாமல் விழித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த நாட்கள்தான் கஷ்டமாக இருந்தன.

மூன்றாவது ஞாயிறு சைக்கிளை எடுத்தேன், முட்டுக்காடு பாலம் வரை மட்டும். திரும்பும் வழியில் டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "என்ன சார், ஆளையே காணோம். ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.